பைபர் படகில் லாரி வயரிங்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். இருபது வருட சர்வீஸ் என்பதை யாரும் கேட்காமலே சொல்லும் பழக்கமும் உண்டு. மனைவியின் அண்ணன் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கிக் காவிரிக் கரையில் கட்டியபோது, லாரிக்கே செய்கிறேன், இது எம்மாத்திரம் என்று நானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மச்சான் போர்வெல் வண்டியோடு வடநாட்டில் அலைந்தவர். தீபாவளிக்கு வந்தால் பொங்கலுக்கு இருக்கமாட்டார். இனி வீட்டோடு இருந்து, அக்கரைக்கு ஆள் ஏற்றிப் பிழைக்கலாம் என்றுதான் படகை வாங்கினார். வெள்ளிக்கிழமை அதிகாரி சோதிக்க வருகிறார். விளக்கு, ஹாரன், உள்ளே கசியும் தண்ணீரை இறைக்கும் பம்ப் மூன்றும் ஓடினால்தான் அனுமதி. இல்லையென்றால் மச்சான் திரும்ப ரிக்கில் ஏறவேண்டியதுதான். ரிக் முதலாளி வேறு தினமும் போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் மறுக்கா வண்டியேறுனா நீங்களும் கூடவே ஏறிக்குங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

எலி கடித்த பழைய வயர்களைப் பிடுங்கிப் போட்டேன். லாரியில் ஒரு விளக்குக்கு ஒரு வயர் போதும். இன்னொரு முனையை வண்டியின் இரும்பு உடம்பிலேயே முடுக்கிவிடுவோம். கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப அந்த இரும்பே வழி. 'பாடி எர்த்' என்போம். பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, போல்ட் போடவேண்டும். படகிலும் பதினோரு இடத்தில் அப்படியே தேய்த்து முடுக்கினேன். மச்சான் பயபக்தியோடு பக்கத்திலேயே நின்றார்.

புதன்கிழமை மத்தியானம் சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் எரியவில்லை. பேட்டரி சரியில்லை என்றேன். வேறு பேட்டரி வந்தது. சுவிட்ச் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டினேன். சோறு கொண்டுவந்த மனைவி கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்த போல்ட்டெல்லாம் எதுலீங்க முடுக்கியிருக்கறீங்க?"

"பாடியிலதான்."

"படகு பைபருங்களே. அதுல கரண்டு போகுமுங்களா?"

நான் குனிந்து ஸ்பேனரைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சானும் சிரித்தார், ஆனால் எனக்காக முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு. அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க எல்லாவற்றுக்கும் இரண்டாவது வயர் இழுத்தேன். கையிருப்பில் சிவப்புச் சுருள் மட்டுமே இருந்ததால் போவதும் சிவப்பு, வருவதும் சிவப்பு. பெயர் எழுதி ஒட்டச் சொன்னாள் மனைவி. எங்கள் தொழிலில் அது கிடையாது. எழுதி ஒட்டினால் ஓனர் அடுத்த முறை நம்மைத் தேடி வருவானா? நட்டாற்றில் படகு நின்றால் அண்ணன் உங்களை எங்கே தேடுவது என்று கேட்டாள். எது எந்த வயர் என்று காட்டினேன். அவளே பிளாஸ்திரியில் பால்பேனாவால் எழுதி ஒட்டினாள்: 'முன் வெளக்கு, போற வயர்', 'முன் வெளக்கு, வார வயர்'. பம்ப் வயரில் மட்டும், 'இது கழண்டா முங்கிருவீங்க அண்ணா.'

வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. அதிகாரி அதோடு விடாமல் பம்ப் வயர் ஒன்றைப் பிடுங்கி, மச்சானையே மாட்டச் சொன்னார். நான் எழுந்தேன். உட்காரும்படி கை காட்டிவிட்டார். மச்சானுக்கு வயருக்கும் கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார், 'அண்ணா' உட்பட. பிறகு மாட்டினார். பம்ப் உறுமி, அதிகாரியின் பேண்டை முழங்கால் வரை நனைத்தது. அவர் காலை உதறிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சந்தோஷம்தான். நானில்லாமலே மாட்டிவிட்டாரே என்று கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

மச்சான் படகில் உட்கார்ந்தபடியே ரிக் முதலாளிக்குப் போன் போட்டார்.

"இனி நான் வரலைங்க. ஊட்டோடவே இருந்துக்கறேங்க."

பழைய படகை நம்பலாமா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும்.

"எங்க மாப்ள பண்ணுன வயரிங்குங்க. கண்ண மூடிட்டு ஏறலாமுங்க."

சிரிக்காமல் சொன்னார். நான் பயந்துபோய் மனைவியைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, சொல்ல விஷயம் இருந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.