மஞ்சள் துணியில் முடிந்த காசு

கதையில் வரும் சாமியின் பெயரை மறைத்துப் படித்துக் காட்டினால், அது பொய்யில் சேருமா? மூன்று வருடமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை.

கல்யாணமாகிக் கோச்சடைக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டு டீச்சர் தங்கள் சர்ச் படிப்பகத்திலிருந்து வாரம் ஒரு நாவல் எடுத்துத் தருவார். எல்லாம் காதல் கதைகள். ஒரு நர்ஸ் இருப்பாள், ஒரு வாத்தியார் இருப்பான். அவன் முதலில் ஜெபம் செய்வான். பிறகு, ‘உன் விருப்பத்தை நிதானமாகச் சொல், காத்திருக்கிறேன்’ என்று கடிதம் எழுதுவான். அவள் மூன்று அத்தியாயம் யோசிப்பாள். அவனும் காத்திருப்பான்.

அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பிடித்தது. என் வீட்டுக்காரர் நல்லவர். பெண் பார்க்க வந்தபோது கேசரி நன்றாக இருக்கிறது என்றார். அதோடு தேதி குறித்துவிட்டார்கள். தவிர, என் மகளுக்கு அடிக்கடி இரைப்பு வரும். அவள் தூங்கும்போது மூச்சைக் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கல்யாணத்தில்தான் முடியும் என்று முன்பே தெரிந்த கதை மடியில் இருந்தால், நெஞ்சு கொஞ்சம் அடங்கும்.

ஒரு மத்தியானம் மாமியார் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

“தனியா சிரிக்கிறியே, எனக்கும் சொன்னா என்ன?”

உரக்கப் படித்தேன். இயேசு என்று வந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. டீச்சர் நம்மை மதம் மாற்றப் பார்க்கிறார் என்று நினைத்துப் புத்தகத்தையே நிறுத்திவிடுவார்களோ என்று பயம். ‘சாமி’ என்று படித்தேன். சர்ச்சைக் கோயில் என்றேன். பாதிரியார் பூசாரி ஆனார்.

அன்றிலிருந்து தினமும் கீரை ஆய்ந்தபடி கதை கேட்பார்கள்.

“அந்தப் பய லெட்டர் போட்டானா?”

“போட்டுட்டான் அத்தை. அவ இன்னும் பதில் சொல்லல.”

“எம்புட்டுக் கொழுப்பு அவளுக்கு. தங்கமான பய. சரின்னு சொல்லச் சொல்லு.”

ஒருநாள் கேட்டார்கள்: “ஏத்தா, அது என்ன கோயிலு, ஞாயித்துக்கிழமையானா கூடுறாக? ஒரு தேங்கா பழம்கூடக் கொண்டு போகமாட்டேங்குறாக?”

“அது அவுக ஊர்ப் பழக்கம் அத்தை.”

அப்போது என் நாத்தனாருக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாமி படத்தருகே அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தார்கள். “அந்தக் கதையில வார சாமிக்கு நேர்ந்திருக்கேன். சேராததைச் சேத்து வைக்கிற சாமில்ல” என்றார்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நாலைந்து மாதம் முன்பு பேரையூரிலிருந்து வந்து பெண் பார்த்தவர்கள் உடனே தாம்பூலம் மாற்றலாம் என்றார்கள். “எம்மகளை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன். ரெண்டு நாள் பொறுங்க” என்றார்கள் அத்தை. வீட்டில் எல்லாரும் அத்தை முகத்தையே பார்த்தோம். நான் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நாத்தனார் சரி என்றாள். கல்யாணமும் முடிந்தது. இப்போது தினம் ஒரே கேள்விதான்: “அந்தக் கோயிலுக்கு எந்த பஸ்? நேர்ந்ததைத் தள்ளிப்போட்டா பிள்ளைக்குத்தான் ஆகாது.” முதல் தடவை அப்படிச் சொன்ன அன்று சாயங்காலமே என் மகளுக்கு இரைத்தது. மழைக்காலத்தில் வருவதுதான். இருந்தாலும் என் மனம் கேட்கவில்லை.

டீச்சரிடம் ஓடினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நாங்களும் கோயில்னுதாம்மா சொல்லுவோம். காணிக்கைப் பெட்டி வாசல்லயே இருக்கு, கூட்டிட்டு வாங்க. ஆனா சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க.”

அப்படிச் சொல்வதுதான் என்னால் முடியவில்லை. சொன்னால், இத்தனை நாளும் ஏமாற்றினாயா என்று கேட்பார்கள். எங்கள் மத்தியானங்கள் போய்விடும். சொல்லாமல் கூட்டிப்போனால், வாசலில் சிலுவையைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் மருமகள்கள் இருப்பீர்கள், மாமியார்களும் இருப்பீர்கள். முக்கியமாக மாமியார்களைத்தான் கேட்கிறேன்: உங்களிடம் இதை எப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்வீர்கள்? வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அத்தை புதுச் சேலையை எடுத்து வைத்துவிட்டார்கள்.