பிஸ்கட் பேணி மூடியில் ஒரு கட்டில்

என் நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிவதாக மருத்துவர் சொன்னார். பரிசோதனை முடிவுக்கு மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வரச் சொன்னார். மனைவியிடம் நான் மூச்சு விடவில்லை. அந்த வாரங்களில்தான் அவள் வாசிக்கத் தொடங்கினாள்.

வாசிக்கிறவள் அல்ல. வயோதிபர் இல்லத்தில் நாள் முழுதும் ஆட்களைத் தூக்கி இருத்திவிட்டு வருகிறவளுக்கு என் கவிதைகளே அதிகம். ஆனால் இந்தக் குளிர்நாட்டில் நாங்கள் குடியேறிய வைலே நகர நூலகத்திலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். எல்லாம் ஒரே ஆளுடையவை. ஒரு மெக்சிக்கோப் பெண், சிறுவர் கதைகளுக்குப் படம் வரைபவர், கலை வரலாறும் எழுதுபவர். முதலில், கடலைத் தேடிப் போகும் கோழியின் படக்கதை. பிறகு கோயில் சுவரோவியங்கள் பற்றி ஒன்று. கடைசியில் தடித்த ஒன்று. அது அவள் தலையணைப் பக்கத்தை விட்டு நகரவேயில்லை.

"உமக்கு ஸ்பானிஷ் விளங்குமோ?"

"படம் பாக்கப் பாஷை என்னத்துக்கு?"

இங்கே கார்த்திகையில் சுவருக்குள் ஈரம் ஏறுமே, அப்படி ஏறியது சந்தேகம். அவளுக்குத் தெரிந்துவிட்டதா? யார் சொன்னது? நான் இருமினால் பக்கம் புரட்டுவதை நிறுத்துகிறாளா என்று பார்த்தேன். நிறுத்தினாள். அல்லது அந்தப் பக்கத்தில் நல்ல படமோ.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போனதும் தடித்த புத்தகத்தைத் திறந்தேன். தகரத்தில் வரைந்து மாதாவுக்குக் காணிக்கையாக வைத்த படங்கள். மாடு முட்டியவர், காய்ச்சலில் கிடந்தவர்; மூலையில் முகிலுக்குள் மாதா; கீழே, சுகமானதற்கு நன்றி சொல்லி இரண்டு வரி. மன்னாரில் பிறந்தவளுக்கு இது புதினமில்லை. எங்கள் ஆட்கள் வெள்ளியில் கண்ணும் காலும் செய்து வைப்பார்கள். ஆனால் நேர்த்திக்கடன் வைத்தால், நிறைவேறும்வரை கட்டிய புருஷனிடமும் சொல்லக்கூடாது.

புத்தகத்துக்குக் கீழே, துவாயில் சுற்றியபடி, வெண்ணெய் பிஸ்கட் வந்த தகரப் பேணியின் மூடி. அதில் ஒரு கட்டில், எங்கள் கோடுபோட்ட போர்வை, என் மீசை. மீசையை நரைக்காமல் வரைந்திருந்தாள். மூலையில் மாதா. கீழே வெறும் இடம்.

பின்னேரம் அவள் வந்தபோது மூடி மேசையில் இருந்தது. சப்பாத்தும் கழற்றாமல் நின்றாள்.

"பாத்திட்டியளோ."

"எப்பிடித் தெரியும்?"

"ரத்தம் எடுத்தாப் பிறகு ஒட்டுற பஞ்சு உங்கட சட்டைக் கைக்குள்ள கிடந்தது. ஆர் உடுப்புத் தோய்க்கிறது, நீங்களோ?"

"கேட்டிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாமே."

மூடியை என் பக்கம் தள்ளினாள். "நேர்த்தியைப் பாத்துக் கெடுத்திட்டியள். இனி நீங்களே எழுதுங்கோ, சுகமாப் போச்செண்டு."

"முடிவு வரேல்லை. வரமுந்தி நன்றி சொன்னா அது ஏமாத்து."

"எழுதிப்போட்டா மாதாவுக்கு வேற வழியில்லை."

மாதாவின் முகத்தைப் பார்த்தேன். அவவும் என்னைப்போலவே எதையோ மறைப்பதாகப் பட்டது. நான் எழுதவில்லை. அந்த இடம் அப்படியே கிடந்தது.

"நாளையிண்டைக்கு ஆஸ்பத்திரிக்கு என்னோட வாறீரோ?" என்று கேட்டேன்.

"போன கிழமையே லீவு எடுத்திட்டன்," என்றாள்.

வியாழக்கிழமை என்று அதுவரை நான் அவளிடம் சொன்னதேயில்லை.