குழந்தைக்குப் போக மிச்சம்

"இன்னா கண்ணு, ஸ்கேன் ஆயிதா?" என்று கேட்டபடியே கர்ப்பிணிகள் பெஞ்சில் ஒரு சாண் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுகிறார் லவினா. கால் வீக்கம், வாந்தி, மாமியார் சமையல் எல்லாம் விசாரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் தன் சங்கதிக்கு வருவார்.

பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில், பொது ரத்த வங்கிக்காகத் தொப்புள்கொடி ரத்தம் சேகரிக்கும் நர்ஸ் அவர். "கொடிய வெட்டினப்புறம் குப்பைக்குப் போற ரத்தம்மா அது. ரத்தப் புற்றுநோய் வந்த யாருக்காச்சும் பொருந்தினா உசுரு. யாருக்குன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." வேண்டாம் என்பவர்களிடம் முகம் சுளிப்பதில்லை. "பேடான்னா பேடா" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார். பிரசவ வலியில் இருப்பவளிடம் மட்டும் கேட்கவே மாட்டார். "வலியில எதுக்கும் சரின்னுதான் சொல்லுவாங்க. அது சம்மதமா?"

ரத்தம் பிடிக்கும் பை தாழ இருந்தால்தான் கொடியிலிருந்து ரத்தம் இறங்கும். அதற்காகப் பதினோரு வருடங்களாகப் பிரசவ அறைத் தரையில் குந்திக் குந்தி, அவருடைய வலது முட்டி கிரீச்சிடும். பை நிறையும்போது சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து "வா, வா" என்பார். ஜெபம் என்று நினைத்துக் கூட இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் சங்கமித்ரா ஏழாம் மாதத்திலேயே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். புருஷன் உமேஷ்தான் மசியவில்லை. வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி அவன். "நம்ம புள்ளைக்கு ரத்தம் கொறஞ்சு போச்சின்னா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான்.

"புள்ளைக்குப் போக மிச்சம்தான் எனக்கு உமேஷு" என்றார் லவினா. அவன் சரியென்று தலையை ஆட்டினான். ஆனால் நம்பவில்லை.

போன மாதம் ஒரு முற்பகலில் குழந்தை பிறந்தது. பெண். நாளுக்கு முன்னால் வந்துவிட்டதால் இரண்டு கிலோதான் இருந்தது. டாக்டர் வீணா கொடியில் கிளிப் போடாமல் கையை நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வைக்கிறேன் லவினா. கொடியில இருக்கறது குழந்தைக்கு இறங்கட்டும். உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

அந்த மாதம் அதுவரை லவினா அனுப்பியதில் வங்கியில் தேறியது ஒரே ஒரு பை. ஏன் இவ்வளவு குறைவு என்று ஆபீஸில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

"விடுங்க டாக்டர்" என்றார் லவினா. குந்தியிருந்தவர் சுவரைப் பிடித்து எழுந்து, ஓரமாக நின்றுகொண்டார். குழந்தையின் உள்ளங்கால் மெல்லச் சிவந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பையில் விழுந்தது கால்வாசிகூட இல்லை. எடை போட்டுப் பார்த்து, 'போதாது' என்று எழுதினார்.

இதைத் தாயிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. லவினா சொல்லாமல் விட்டதில்லை. மறுநாள் காலை வார்டுக்குப் போனார்.

"சங்கமித்ரா, நீ குடுத்த ரத்தத்த எடுத்து வைக்க முடியல கண்ணு. பத்தல. உன் பொண்ணே குடிச்சிட்டா."

சங்கமித்ராவின் முகம் வாடிவிட்டது. "அப்ப யாருக்கும் ஆகலியா சிஸ்டர்?"

"ஆச்சே. இவளுக்கு ஆச்சு."

ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்த உமேஷ், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கை வரை சுருட்டிக் கையை நீட்டினான்.

"என்னுது ஆவுமா சிஸ்டர்? எடுத்துக்கங்க."

லவினா கட்டிலைச் சுற்றிப் போய், அவன் சுருட்டியிருந்த கையை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து இறக்கி, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிட்டார். பிறகு தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.