பச்சையாகிப் போன வாய்க்கால்

மலர்க்கொடியை மக்கு என்று யாரும் சொல்லிவிட முடியாது. வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா வீரையன் ஊரார் வயலில் வரப்பு வெட்டியும் கதிர் அறுத்தும் மகளை சிவில் இன்ஜினியர் ஆக்கினார். சில வருஷமாகத்தான் மூன்று மா நிலம், ஒரு ஏக்கர், குத்தகைக்குப் பார்க்கிறார். அவள் படித்து முடித்த வருஷம் பார்த்து கம்பெனிகளில் ஆள் குறைத்தார்கள். சென்னைக்குப் போனாள், ஏழு மாதம் அலைந்தாள், பெட்டியோடு திரும்பி வந்தாள்.

அப்புறம்தான் தஞ்சாவூரில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் அந்த வேலை கிடைத்தது. சாட்டிலைட் எடுத்த படம் கம்ப்யூட்டரில் வரும். வயலைச் சுற்றிப் பச்சைக் கோடு, தண்ணீர் ஓடும் இடத்துக்கு நீலக் கோடு போட வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து மெஷின் தானே வயலை அடையாளம் காணப் பழகுமாம். அவள் சேர்ந்தபோது நாற்பது நாற்காலி, எல்லாவற்றிலும் இன்ஜினியரிங் முடித்த டெல்டாப் பிள்ளைகள். மூன்றாம் வருஷம் பதினொன்று. மெஷின் பழகப் பழக ஆள் குறைகிற வேலை. தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தார்கள். வேறு எங்கே போவது?

பங்குனியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாக இருந்தால் இன்னும் ஒரு வருஷம் வேலை உண்டு. அந்த நேரம் பார்த்து அவள் ஊரே திரையில் வந்து நின்றது. கார்த்திகையில் எடுத்த படம். சம்பா வயலும் பச்சை, வாய்க்காலும் பச்சை. கரை தெரியாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. வெளியூர்ப் பிள்ளையாக இருந்தால் எல்லாம் வயல் என்று போட்டுவிட்டுப் போயிருக்கும். மலர்க்கொடி நீலக் கோடு இழுத்தாள். அதோடு விட்டாளா? அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று மூடிக் கிடந்த வாய்க்காலையெல்லாம் தேடித் தேடி நீலமாக்கினாள். அதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அங்கே இருப்பது வாய்க்கால்தான்.

வீட்டில் சொன்னாள். வீரையன் டீக்கடையில் சொன்னார்: "நம்ம வாய்க்கா கம்ப்யூட்டர்லயே ஏறிடுச்சு. இனிமே கவர்மெண்டுக்காரங்க தூர் வாராம எங்க போயிடுவாங்க?"

பெங்களூரில் உட்கார்ந்து திருத்துகிறவர்கள் அத்தனை கோட்டையும் சிவப்பில் அடித்து அனுப்பினார்கள். எண்பத்தெட்டு மார்க்.

மேனேஜர் அமிர்தலிங்கம் கூப்பிட்டார். "படத்துல பச்சையா இருந்தா பச்சைன்னு போடும்மா."

"சார், அது வாய்க்கா சார். எங்கப்பா அதுல எறங்கி மண்ணு வெட்டியிருக்காரு."

"ஒங்கப்பா எறங்குனாரு. சாட்டிலைட் எறங்கலியே! வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் மாத்திக் குடு. மறுபடி மார்க் போடச் சொல்றேன்."

பக்கத்து நாற்காலி பாத்திமா குனிந்து சொன்னாள்: "ஒன் வாய்க்கா எங்கடி ஓடிடப் போவுது? பச்சைய அடிச்சு விட்டுட்டு சோத்தப் பாரு."

மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் அழித்தாள். ஒவ்வொரு நீலக் கோடும் போய் வயலோடு வயலாயிற்று. தன் ஊரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் அதையும் அழித்தாள்.

தொண்ணூற்றொன்பது மார்க் வந்தது. மறுநாள் அமிர்தலிங்கம் பதினோரு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே பாத்திமா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மெஷின் தேறிடுச்சாம். மலர்க்கொடி திருத்திக் குடுத்ததுதான் கடைசியா தேவைப்பட்டுதாம். இனிமே அதுவே பாத்துக்குமாம்."

"ஒங்களுக்கு வேற எடம் குடுத்திருப்பாங்களே சார்?" என்றாள் பாத்திமா.

"எனக்கும் சேத்துத்தாம்மா மெயில் வந்துருக்கு."

மலர்க்கொடி ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தாள். வருஷா வருஷம் பங்குனி பிறந்தால் வீரையன் தன் வயலுக்கு நேரே உள்ள வாய்க்காலைத் தானே வெட்டிவிடுவார். இந்த வருஷம் ஒரு கூடை மண் எடுக்கவில்லை. வாசலில் மண்வெட்டிக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வெட்டலியா?"

"நாம எதுக்கு வெட்டணும்? மேட்டூர் தொறக்குறதுக்குள்ள அவங்களே மெஷின் வச்சு வாரிடுவாங்க. படத்துல நம்ம வாய்க்கா இருக்குல்லம்மா?"

"இருக்குப்பா."

வீரையன் மண்வெட்டியைப் பரணில் தூக்கி வைத்தார்.