அப்ப வரட்டே

பல்கலைக்கழகத்தில் நான் படித்த பாடம் ஐரோப்பியப் பண்பாடும் சமூகமும். பருத்தித்துறையில் இதை விளங்கப்படுத்த முயன்று வாய் நொந்ததுதான் மிச்சம். எங்கள் ஊரைப் பொறுத்தவரை ஐரோப்பா படிக்கிற பாடமல்ல, போகிற இடம். மீன் சந்தையில் தெரிந்தவர்கள் யாராவது மறித்து, "பிள்ளை என்ன படிக்குது?" என்று கேட்டால் அம்மா பெருமையோடு, "ஐரோப்பா படிக்கிறாள்" என்பார். அடுத்த கேள்வி ஒருநாளும் மாறியதில்லை.

"அப்ப எப்ப வெளிக்கிடுறா?"

சட்டம் படிக்கிற பிள்ளையிடம் எப்போது கம்பி எண்ண மறியலுக்குப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்கள். முதல் வருடம் சிரித்துச் சமாளித்தேன். பிறகு சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

வகுப்பு மட்டும் என்ன, அங்கேயும் எரிச்சல்தான். பனிக்கால உடைகளைப் பற்றிய விரிவுரையை மின்விசிறி நின்றுபோன அறையில் வியர்த்து ஒழுகக் கேட்டோம். நூலகத்துச் சுவரில் தொங்கிய தேசப்படத்தில் ஜெர்மனி இன்னும் இரண்டாகவே கிடந்தது. ஒரு தவணை முழுவதும் வணக்கம் சொல்வதையும் விடைபெறுவதையும் படித்தோம். எந்த நாட்டில் கைகொடுக்க வேண்டும், எங்கே கன்னத்தோடு கன்னம் வைக்க வேண்டும், எந்தப் பக்கத்துக் கன்னம் முதலில் என்றெல்லாம் பாடமாக்கினோம். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். கைகொடுக்க ஓர் ஐரோப்பியரையும் அதுவரை நான் கண்டதில்லை.

ஆனாலும் எனக்கு அந்தப் படிப்புப் பிடித்திருந்தது. கடைசி வருட ஆய்வுக்குச் சந்தைகளை எடுத்தேன். கொடிகாமம் சந்தையில் மாம்பழத்துக்கும் தேங்காய்க்கும் எப்படி விலை பேசுகிறார்கள், பேசிக்கொண்டே எப்படி ஊர்ப் புதினம் முழுவதையும் கதைத்து முடிக்கிறார்கள் என்று காலை காலையாகப் போய் நின்று எழுதினேன். மற்றப் பாதிக்கு ஐரோப்பியச் சிறுநகரம் ஒன்றின் சந்தையில் நிற்கவேண்டும். அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அரையாண்டு படிக்க மாணவப் பரிமாற்றத்தில் இடமும் கிடைத்தது. எந்த நாடு என்று சொல்லமாட்டேன். என் சொந்தக்காரர் பலர் இன்னும் அந்த நாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறார்கள்.

வீடு கலியாண வீடாகிவிட்டது. அம்மா மிளகாய்த்தூள் இடித்து இடித்துப் பைகளில் கட்டினார். ஒரு பெரிய குடும்பம் வருடக்கணக்கில் சாப்பிடலாம்.

"அரை வருசத்துக்குத்தானே அம்மா போறன்" என்றேன்.

"இருக்கட்டும். தூள் பழுதாகாது" என்றார்.

விசா நேர்முகத்துக்குக் கொழும்பிலுள்ள தூதரகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் அலுவலர்தான் நான் நேரில் கதைத்த முதல் ஐரோப்பியர். படித்ததெல்லாம் கைகொடுத்தது. கண்ணைப் பார்த்துக் கதைத்தேன், இடையில் வெட்டிப் பேசவில்லை, சம்பளம், வயது எதுவும் கேட்கவில்லை. ஆய்வைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம்கூட மலர்ந்தது. படிப்பு முடிந்ததும் திரும்பி வந்துவிடுவேன் என்று தெளிவாகச் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன், அதனால் தடுமாற்றம் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்து எழுந்தபோதுதான் பிசகியது.

எங்கள் பக்கத்தில் யாரும் 'போறன்' என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டை விட்டு இறங்குவதில்லை. 'அப்ப வரட்டே' என்று கேட்போம். வீட்டிலிருப்பவர் 'ஓம், வாங்கோ' என்பார். அதற்குப் பிறகுதான் செருப்பைத் தேடுவோம். சின்ன வயதில் ஒருமுறை 'போறன்' என்று சொல்லி வாயிலேயே அடி வாங்கியிருக்கிறேன். அவ்வளவு நேரமும் ஆங்கிலத்தில் ஒழுங்காக ஓடிய நாக்கு, கதிரையை விட்டு எழுந்த கணத்தில் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது.

"ஓகே மேடம். தென், ஷால் ஐ கம்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில்.

விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். விடைபெறும் பாடத்தில் முதலாவதாக வந்தவள், ஒழுங்காக விடைபெறத் தெரியாமல் வெளியே வந்து நின்றேன்.

சில கிழமைகளில் பதில் வந்தது. விசா இல்லை. படிப்பு முடிந்து நான் திரும்புவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையாம். அந்த ஒரு வசனத்தால்தானா, இல்லை முதலே முடிவெடுத்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது. ஆய்வு மேற்பார்வையாளர், மற்றச் சந்தையை யூடியூபில் பார்த்து எழுதலாமே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டில் அப்பா, பழுதுபார்த்துக்கொண்டிருந்த மீன்வலையிலிருந்து கையை எடுக்காமலே, "நீ கேட்டதிலை பிழையில்லைப் பிள்ளை. அவவுக்குத்தான் 'ஓம், வாங்கோ' எண்டு சொல்லத் தெரியேல்லை" என்றார். மற்ற நேரமென்றால் சிரித்திருப்பேன்.

நேரே குசினிக்குப் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த நாட்டையும், அந்தப் பெண்ணையும், நான் படித்த படிப்பையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். என்னைக் கள்ளி என்றா நினைத்தார்கள்? அம்மாவும் அப்பாவும் இங்கே, பட்டம் இங்கே, பாதி எழுதின ஆய்வும் இங்கே. இதையெல்லாம் விட்டுவிட்டு நான் ஏன் அங்கேயே நிற்கப்போகிறேன்? ஒரு மனிசரைப் பார்த்தால் உண்மை சொல்கிறாரா பொய் சொல்கிறாரா என்று தெரியாதா?

நான் கத்தி ஓயும்வரை அம்மா மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப நீ உண்மையாவே திரும்பி வாறதுக்கோ இருந்தனி?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். இவ்வளவு நாளும், சந்தையில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோதெல்லாம், தன் பிள்ளை இனி வரமாட்டாள் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஓம் அம்மா. திரும்பி வாறதுக்குத்தான்" என்றேன்.

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் நம்பவில்லை.