எட்டாம் நம்பர் பிளக்

என் அத்தைக்கு எதையும் ஊசியை வைத்துத்தான் அளக்கத் தெரியும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லராக இருந்தார். வெளிநாட்டு ஆர்டர் கிடைப்பதும் கை நழுவுவதும் அவர் தைத்துக் கொடுக்கும் முதல் நாலு உருப்படியில்தான் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் பெருமையடித்துக்கொள்வோம். மெல்லிய துணிக்குப் பதினோராம் நம்பர் ஊசி, தடித்த துணிக்குப் பதினாலு. நம்பர் ஏற ஏற ஊசி கனக்கும், கடினமான வேலையைத் தாங்கும். இந்தக் கணக்கில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. அதே தைரியத்தோடுதான் மொபெட்டுக்கு ஸ்பார்க் பிளக் வாங்கவும் போனார்.

அப்போது எனக்குப் பத்து வயது. முழுப்பரீட்சை லீவுக்கு வெள்ளகோவிலிலிருந்து திருப்பூரை அடுத்த மங்கலத்துக்கு, அத்தை வீட்டுக்கு வந்திருந்தேன். அத்தையின் மொபெட் பழையது. முன்னால் துணி பண்டல், பின்னால் நான். தினமும் அதில்தான் கம்பெனிக்குப் போய் வந்தார். அந்த மாதம் அது இரண்டு தடவை நடு ரோட்டில் நின்றுவிட்டது. இரண்டு தடவையும் மாமா வேலையைப் போட்டுவிட்டு வந்து தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மாமா தறி ஃபிட்டர். பக்கத்துத் தெருவில் தறி ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த உதிரி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

“இன்னொருக்கா ரோட்டுல நின்னுச்சுன்னா வண்டிய வித்துப்போடலாம். ஊட்டோட ஒரு மிஷினப் போட்டுத் தெச்சாப் போதும். எதுக்கு உனக்கு இந்த அலைச்சல்?” என்றார்.

“சரிங்க” என்றார் அத்தை. அவர் இப்படி ஒற்றைச் சொல்லில் சரிங்க என்றால் விவகாரம் முடியவில்லை என்று அர்த்தம். அது எனக்கே தெரியும்.

மறுநாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பழைய பிளக்கைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்துவிட்டது என்றார். புதிதாக இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். நீளமும் திருகுமரையும் ஒன்றுதான். ஒன்றில் ஆறு, மற்றதில் எட்டு என்று எழுதியிருந்தது.

“இந்த வண்டிக்கு ஆறு போடுவாங்க.”

“பண்டல் வெச்சு ஓட்டற வண்டிங்க. லோடு தாங்கோணும். எட்டே குடுங்க.”

அத்தைக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். கடைக்காரர் எட்டையே கொடுத்தார். கழற்றுவது எப்படி, மாட்டுவது எப்படி என்று அத்தை இரண்டு முறை செய்து காட்டச் சொன்னார். எனக்கோ கண்ணெல்லாம் பழைய பிளக் மேல். வெள்ளைப் பீங்கான் உடம்பும் அடியில் வளைந்த சின்னக் கம்பியுமாக அழகாக இருந்தது. இத்தனூண்டு சாமான் எப்படி எங்கள் இரண்டு பேரையும் பண்டலையும் இழுக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. கேட்டு வாங்கி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். லீவில்கூட அந்தப் பாக்ஸை விட்டு நான் பிரிந்ததில்லை.

சாயங்காலம் மாமா புது பிளக்கின் அட்டையைக் கையில் எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு நம்பரைப் பார்த்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

“எட்டு நல்லதுங்களா மாமா?” என்று கேட்டேன்.

“உங்கத்தை நம்பர் பாத்து எடுத்தா தப்பாகுமா கண்ணு?” என்று சிரித்தார். அதுவரை அத்தையை அவர் பாராட்டி நான் கேட்டதேயில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள், வெளிநாட்டுக்காரர் பார்க்க வருகிற சாம்பிள் பையில் இருக்கும்போது, வேகத்தடைக்கு வேகத்தடை நின்று நின்று போனதில் வண்டி திக்கியது. பிறகு நின்றேவிட்டது. அத்தை மிதி மிதியென்று மிதித்தார். முகமெல்லாம் வேர்த்து, கண் கலங்கிவிட்டது.

“மாமாவுக்கு போன் போடலாங்களா?”

“வேண்டாஞ் சாமி.”

பையிலிருந்து துண்டுத் துணி ஒன்றை எடுத்து, கை சுடாமல் பிடித்துக்கொண்டு, வண்டியிலிருந்த ஸ்பேனரால் தானே பிளக்கைக் கழற்றினார். நுனி முழுக்கக் கரி. துடைத்து மாட்டிப் பார்த்தும் பயனில்லை. நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து நீட்டினேன். பழைய பிளக்கை மாட்டி மிதித்தார். ஏழோ எட்டோ மிதியில் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

திரும்பும்போது அதே கடையில் ஆறாம் நம்பர் வாங்கி மாட்டினார். எடுத்தது தப்பாகிப்போனதே என்று அவர் முகம் வாடியிருந்தது. தேற்ற நினைத்து, “விடுங்க அத்தை, மாமாவே நம்பரைப் பாத்துட்டுத் தப்பாகாதுன்னுதான் சொன்னாருங்க” என்றேன்.

அத்தை ஸ்பேனரைக் கீழே வைத்தார். “நம்பரைப் பாத்தாரா?”

“கண்ணாடி போட்டுப் பாத்தாருங்க.”

“சொல்றப்பச் சிரிச்சாரா?”

“சிரிச்சாருங்க.”

ஸ்பேனரை மறுபடி எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார். பிறகு, “வண்டி நின்னது நமக்குள்ள இருக்கட்டும் கண்ணு” என்றார். அதற்குப் பிறகு அவருடைய சாப்பாட்டுப் பையில் ஒரு பிளக்கும் ஸ்பேனரும் இல்லாத நாள் கிடையாது. வண்டி விலைக்குப் போகவில்லை. வீட்டோடு மிஷினும் வரவில்லை.

போன மாதம் என் ஸ்கூட்டரைச் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக்கிடம் பிளக் நம்பரைப் பற்றிக் கேட்டேன். அந்த ரக பிளக்கில் நம்பர் ஏற ஏறச் சூடு சீக்கிரம் இறங்கிவிடுமாம். நின்று நின்று போகிற சின்ன வண்டியில் அதைப் போட்டால் கரி பிடித்து நின்றுவிடும் என்றார். வண்டியைத் தொட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் என்றும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமாவின் அந்தச் சிரிப்பு என்னோடு வந்தது. எனக்குக் கோபமாக வந்தது.

ஆனால் சின்ன வயதில், வண்டி நின்ற அன்றைக்கு ராத்திரி, எனக்குக் கோபம் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் மாமா, “வண்டி எப்படி ஓடுது?” என்று கேட்டார். “நல்லா ஓடுதுங்க” என்று அத்தை அவருக்குச் சோறு போட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பாவம், இவரும் அத்தையைப் போலவே ஏமாந்துவிட்டார், தெரிந்தால் வெட்கப்படுவார் என்றுதான் அத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். மனசு கேட்காமல் என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.