கடையில் மட்டும் ஓடிய கணினி

தம்பி குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கணினியை ஈசூனில் நாங்கள் இருந்த வீட்டிலேயே விட்டுப் போனான். பதினாறு வருடம் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த கல்யாணமாகாத அக்கா நான். பிள்ளைகளின் பள்ளிப் பாடம், பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அப்படியே இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆறு மாதம் கழித்து அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே டிக், டிக் என்று சத்தம் வரும். திரை அப்படியே நின்றுவிடும். மறுபடி போட்டால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று காட்டும். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

கிளினிக்கில் எனக்குச் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. வீட்டுக்கு வந்து, மார்க்கெட்டுக்கு இழுத்துப் போகும் சின்னத் தள்ளுவண்டியில் துண்டு சுற்றி அதை வைத்து, டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி, ஃபேரர் பார்க்கில் மாடியில் இருந்த ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். அவர் போட்டதும் நன்றாக ஓடியது. கேபிளை மட்டும் மாற்றிக் கொடுத்தார். இரண்டே நாளில் பழைய கதை. அடுத்த சனிக்கிழமை இரண்டு மணி நேரம் சோதனை ஓட்டிப் பார்த்தார். பழுது எதுவும் அகப்படவில்லை. காத்திருந்தபோது கீழேயிருந்து தேத்தண்ணி வாங்கித் தந்தார். தம்பி மகளின் பரீட்சை, அவர்களின் புது வீட்டுத் தோட்டம் என்று பேசிக்கொண்டே இருந்தேன். அந்த வாரத்தில் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

மூன்றாவது சனிக்கிழமையும் அது ஒழுங்காக ஓடியது. அவர் மூடியைத் திருகிவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளருக்குக் கேட்காதபடி சொன்னார்:

"அக்கா, இங்க வரணும்னா சும்மாவே வரலாம் லா. இதத் தூக்கிட்டு அலைய வேணாம்."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகமெல்லாம் சுட்டது. திரும்பும்போது ரயிலில், நான் பொய் சொல்வதாக நினைக்கிறாரே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. உண்மையிலேயே அந்தச் சத்தம் கேட்டதா? உனக்கும் கேட்டதா என்று கேட்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

அதற்கப்புறம் அது நிற்கும் நேரத்தையெல்லாம் காலண்டரில் குறித்தேன். காலையில் ஒருநாளும் நிற்கவில்லை. எல்லாமே மதியம் மூன்று மணிக்கு மேல். பிள்ளைகளின் அறையில் மேற்கு வெயில் அடிக்கும். தூசி படியாமல் இருக்க, மேசைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் கணினியை வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் குனிந்து தொட்டேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. வெளியே எடுத்து, மூடியைக் கழற்றி, மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். இருட்டும் வரை நிற்கவில்லை. மறுநாள் விசிறி இல்லாமல் உள்ளேயே வைத்துப் பார்த்தேன். நான்கு மணிக்கு டிக், டிக். இவ்வளவு சந்தோஷமாக ஒரு பழுதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கைப்பேசியில் வீடியோ எடுத்தேன்.

கடைக்காரர் அதை இரண்டு முறை பார்த்தார்.

"இங்க ஏர்கான் குளிர்ல ஓடிருச்சு, உங்க வீட்டுச் சூட்டுல நின்னுருக்கு. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்கக்கா."

"முழுசாத் தப்புன்னும் சொல்ல முடியாது," என்றேன்.

அவர் கைப்பேசியைத் திருப்பித் தந்தார். டிஸ்க் சாகும் நிலையில் இருப்பதாகவும், காலைக் குளிர்ச்சியில் விசிறி போட்டு, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புது டிஸ்க்குக்கு மாற்றும்படியும் சொல்லிக் கொடுத்தார். வேலைக்குப் போகும் முன் நான்கு காலைகள் உட்கார்ந்து மாற்றினேன். ஒரு படம்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு கடைப்பக்கம் போக எனக்குக் காரணம் இருக்கவில்லை.

மாற்றி முடித்த அன்று சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். படங்களையெல்லாம் கிளம்பும் முன்பே கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார்களாம், நான் எதற்கு இவ்வளவு சிரமப்பட்டேன் என்று கேட்டான். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்டான். சாப்பிட்டாச்சு என்றேன். இன்னும் அரிசியே களையவில்லை.